'உரைத்தும்' என்பதும் நம் மரபே: தமிழாய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் தமிழாய்வை நெறிப்படுத்தும் பேராசிரியப் பெருமக்களும், கருத்தரங்கக் கட்டுரைத் தொகுதிகளின் பதிப்பாசிரியர்களும்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்தும் தொழில் செய்துவருகிறேன். கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் மலர்களும் போக, என் மேசைக்கு வருவனவற்றுள் பாதிக்கு மேல் முனைவர் பட்ட ஆய்வேடுகளும் கருத்தரங்கக் கட்டுரைகளுமே. எழுத்துப்பிழையும் சந்திப்பிழையும் பார்ப்பது என் வேலை. கருத்தைப் பார்ப்பது தங்கள் வேலை. அந்த எல்லையை நான் மீறியதில்லை. இம்மடலில் ஓரடி மட்டும் மீறுகிறேன். 'அடுத்து இதைச் சொல்வோம்', 'இதுவரை இதைச் சொன்னோம்' என்று கட்டுரையில் வழிகாட்டும் வாக்கியங்களைப் பற்றியது இம்மடல். இதற்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிட்டு, அதன்பின் தங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், நெல்லிக்குப்பத்திலிருந்து பேருந்தேறி வந்த ஆய்வு மாணவி ஒருவர், தம் ஆய்வேட்டின் இரண்டாம் இயலை என்னிடம் தந்தார். அவருடைய நெறியாளர் பார்த்துத் திருப்பித் தந்த படி அது. எல்லாப் பக்கங்களிலும் சிவப்பு மை. எவையெல்லாம் அடிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்தேன். 'இவ்வியலில் முதலில் ஊர்ப்பெயர்களின் அமைப்பையும், பின்னர் அவை தோன்றிய சூழலையும் ஆராய்கிறேன்' என்ற வரி அடிபட்டிருந்தது. 'இதுவரை சொற்பிறப்பு நோக்கில் கண்ட இப்பெயர்களை இனி மக்கள் வழக்கோடு ஒப்பிட்டுக் காண்போம்' என்ற வரியும், 'இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதற்கு நான்காம் இயலில் விடை கூறுகிறேன்' என்ற வரியும் அடிபட்டிருந்தன. ஓரத்தில் 'தேவையில்லை', 'நேராகப் பொருளுக்கு வரவும்' என்றும், ஓரிடத்தில் 'ஆங்கிலப் பாணி' என்றும் எழுதியிருந்தது. "அக்கா, இதையெல்லாம் எடுத்துட்டு நீங்க ஒருதடவ சேர்த்துப் படிச்சுப் பாருங்க, சரியா வருதான்னு" என்றார் அந்தப் பெண்.

படித்தேன். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால், முன்பின் அறியாதவர்கள் பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்ததுபோல, ஒரு பத்தியை அடுத்து மற்றொரு பத்தி உட்கார்ந்திருந்தது. ஏழாம் பக்கத்தின் கடைசிப் பத்தி சொற்பிறப்பைப் பேசியது. எட்டாம் பக்கத்தின் முதல் பத்தி ஒரு மூதாட்டியிடம் கேட்டறிந்த செய்தியைப் பேசியது. இரண்டாவது முதலாவதை வலியுறுத்துகிறதா, மறுக்கிறதா, அல்லது வேறொரு பேச்சைத் தொடங்குகிறதா என்பதை அறிய ஒரு வழியும் இல்லை. அந்த வழியாக இருந்த வரியைத்தான் சிவப்பு மை எடுத்துவிட்டது. ஓராண்டுக்குப் பின் வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர், "உங்கள் கருதுகோளை எந்த இடத்தில் மெய்ப்பித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாராம். "அது அடிச்ச வரியில இருந்துச்சுக்கா" என்று அவர் பின்னொரு நாள் என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது ஒருவர் செய்த தவறன்று என்பதாலேயே இதைப் பொதுமடலாக எழுதுகிறேன். வேறுவேறு கல்லூரிகளிலிருந்து வரும் படிகளிலும் அதே வகை வாக்கியங்களே அடிபட்டு வருகின்றன. அவற்றை இம்மடலில் கைகாட்டித் தொடர்கள் என்று குறிக்கிறேன்: கட்டுரையின் பொருளைச் சொல்லாமல், அப்பொருள் எந்த வரிசையில் வரும், இப்போது எதுவரை வந்திருக்கிறோம், அடுத்து வருவது முன்னதற்கு என்ன உறவு என்பவற்றை மட்டும் சொல்லும் தொடர்கள். இவற்றை அடிக்க வேண்டாம் என்பதும், இவை இல்லாத கட்டுரையில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதுமே என் வேண்டுகோள்.

'ஆங்கிலப் பாணி' என்ற குறிப்பில் உண்மை சிறிதும் இல்லை என்று நான் கூறமாட்டேன். ஆங்கிலக் கல்வியுலகில் இதைத் தனிப்பாடமாகவே கற்பிக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரை எப்படி நகர்கிறது என்று ஆராய்ந்த ஜான் ஸ்வேல்ஸ், முதலில் ஆய்வுக்களத்தைக் காட்டுதல், அடுத்து அக்களத்தில் உள்ள இடைவெளியைக் காட்டுதல், பிறகு அந்த இடைவெளியைத் தம் கட்டுரை எப்படி நிரப்பும் என்று கூறுதல் என மூன்று நகர்வுகளை 1990இல் வெளிவந்த தம் நூலில் வகுத்துக் காட்டினார். அதற்கு மூன்றாண்டு முன்னர், 1987இல், ஜான் ஹைண்ட்ஸ் என்பவர், பொருளை விளங்கவைக்கும் சுமையை ஆங்கிலம் எழுதுபவர்மேல் ஏற்றுகிறது என்றும், ஜப்பானியம் படிப்பவர்மேல் ஏற்றுகிறது என்றும் வேறுபடுத்தினார். தமிழும் படிப்பவர்மேல் சுமையை ஏற்றும் மொழிதான், நம் வாசகர் குறிப்பறிந்து கொள்வார் என்று தங்களுள் ஒருவர் என்னிடம் வாதிட்டதுண்டு. கவிதைக்கு அது பொருந்தும். அகப்பாட்டில் இறைச்சியை, அதாவது வெளிப்படையாகச் சொல்லாமல் குறிப்பாக வைத்த பொருளை, விளக்கிச் சொல்லிவிட்டால் பாட்டு செத்துப்போகும். ஆனால் ஆய்வுரை அகப்பாட்டன்று. நம் முன்னோர் நூலுக்கு வகுத்த இலக்கணம் எதைக் கேட்டது என்று பார்த்தால், அது இன்றைய ஆங்கிலப் பாடநூல் கேட்பதைவிடக் கூடுதலாகவே கேட்டிருக்கிறது.

தொல்காப்பிய மரபியலின் இறுதியில், நூல் எழுதுபவர் கையாள வேண்டிய முப்பத்திரண்டு உத்திகள் வருகின்றன. அவற்றுள் ஒன்று 'மொழிவாம் என்றல்'. இன்னொன்று 'கூறிற்று என்றல்'. பின்னால் சொல்லப்போவதை இப்போதே 'சொல்வோம்' என்று அறிவிப்பது முன்னது. முன்னே சொன்னதை 'சொல்லப்பட்டது' என்று நினைவூட்டுவது பின்னது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் இவற்றையே 'உரைத்தும் என்றல்', 'உரைத்தாம் என்றல்' என்று நன்னூலின் பொதுப்பாயிரத்தில் வைத்தார். அவருடைய பட்டியலில் 'நுதலிப் புகுதல்' என்பது முதலாவது: எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று குறித்துவிட்டு உள்ளே நுழைவது. 'தொகுத்துச் சுட்டல்', 'வகுத்துக் காட்டல்', 'முடிவிடம் கூறல்' ஆகியவையும் அங்கே உள்ளன. சூத்திரங்கள் ஒன்றையொன்று தொடரும் நிலைக்கு அவர் கூறிய நான்கு உவமைகளுள் ஒன்றான அரிமா நோக்கம் எதைக் குறிக்கிறது என்பதைத் தாங்களே வகுப்பில் விளக்கியிருப்பீர்கள்: சிங்கம் நடந்துபோகும் வழியில் நின்று முன்னும் பின்னும் திரும்பிப் பார்ப்பதுபோல, ஒரு சூத்திரம் தனக்கு முன் உள்ளதையும் பின் வருவதையும் ஒருங்கே நோக்குவது. சிவப்பு மையால் அடிபட்ட அந்த மூன்று வரிகளையும் இப்பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். முதல் வரி நுதலிப் புகுதல். இரண்டாவது உரைத்தாம், உரைத்தும் இரண்டும் கலந்தது. மூன்றாவது உரைத்தும் என்றல். நன்னூலை நடத்தும் கையே நன்னூல் சொன்னதை அடிக்கிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மொழிவாம், உரைத்தும், உரைத்தாம் ஆகிய மூன்றும் தன்மைப் பன்மை வினைமுற்றுகள். 'நான்', 'நாம்' என்று எழுதுவது ஆய்வுக்கு ஒவ்வாதது, 'ஆய்வாளரால் கண்டறியப்பட்டுள்ளது' என்றே எழுத வேண்டும் என்று நம் துறைகளில் ஒரு கட்டுப்பாடு வழங்கிவருகிறது. தன்னையே படர்க்கையில் வைத்து எழுதும் அந்த நடையில் யார் பேசுகிறார் என்பது பல இடங்களில் மயங்குகிறது. 'ஆய்வாளர்' என்பது கட்டுரையாளரையா, அவர் மேற்கோள் காட்டும் முந்தைய ஆய்வாளரையா என்று நான் மெய்ப்பில் வினாக்குறி இட்டுத் திருப்பியனுப்பிய பக்கங்கள் பல. உத்திகளுக்குப் பெயர் வைக்கும்போதே தன்மை வினையில் வைத்தவர்கள், 'நாம் சொல்வோம்' என்று ஒருவர் எழுதுவதைக் குற்றமாகக் கருதியிருக்க முடியாது.

உரையாசிரியர்களும் இப்படித்தான் நடந்தார்கள். 'இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின்' (இச்சூத்திரம் எதைச் சொல்லக் கருதியது என்றால்) என்று தாமே கேட்டுத் தாமே விடை சொல்லித் தொடங்கும் உரைநடைக்குப் பெயர் பழையதாக இருக்கலாம்; செய்யும் வேலை கைகாட்டியின் வேலையே. திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் ஒவ்வோர் அதிகாரத்தின் தலைப்பிலும் 'அஃதாவது' என்று தொடங்கி அதிகாரத்தின் பொருளைச் சொல்லி, அது முந்தைய அதிகாரத்தை அடுத்து ஏன் வைக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுவார். வான்சிறப்பு தொடங்கும் இடத்தில், கடவுள் வாழ்த்தில் சொன்ன 'அக்கடவுளது' ஆணையால் உலகம் நடப்பதற்கு மழை காரணமாவதைக் குறித்துவிட்டு, 'அதிகார முறைமையும் இதனானே விளங்கும்' என்று முடிக்கிறார். இரண்டாம் அதிகாரம் இரண்டாவதாக ஏன் நிற்கிறது என்பதற்கு ஒரே சுட்டெழுத்தில் காரணம் கூறிவிட்ட அவரை யாரும் ஆங்கிலப் பாணி என்று சொல்லப்போவதில்லை.

ஏன் அவர்கள் இவ்வளவு சொல்ல வேண்டியிருந்தது என்று யோசித்தால் ஒரு காரணம் கைக்கெட்டிய தொலைவிலேயே இருக்கிறது. 1955இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சைவச் சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அவற்றுள் பெரும்பாலானவை கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிச் சுவடிகளே எனினும், ஓலையின் இயல்பு வடமொழிக்கும் தமிழுக்கும் ஒன்றே. ஓலையில் பத்தி பிரிப்பதில்லை. தலைப்பைத் தடித்த எழுத்தில் போடுவதில்லை. தமிழ்ச் சுவடிகளில் பல இடங்களில் புள்ளிகூட இடுவதில்லை. வரி முழுவதும் ஒரே ஓட்டமாக ஓடும். எனவே எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதைச் சொல்லே சுமக்க வேண்டியிருந்தது. 'எனின்', 'இனி', 'என்க', 'முற்றிற்று' ஆகியவை வெறும் பழக்கத்தால் வந்தவையல்ல. இன்று நாம் வெற்றிடத்தாலும் எழுத்தின் தடிப்பாலும் செய்கிற வேலையை அவை செய்தன. அச்சு வந்து வெற்றிடம் மலிவாகக் கிடைத்தபின், சொல் போய்விட்டது. தலைப்பு மட்டும் தங்கிவிட்டது.

தலைப்பு போதாதா என்று தாங்கள் கேட்கலாம். நான்கு பக்கக் கருத்தரங்கக் கட்டுரையில் முன்னுரை, நோக்கம், எல்லை, கருதுகோள், அணுகுமுறை, முடிவுரை என்பன போலத் தடித்த எழுத்தில் ஒன்பது தலைப்புகள் வருவதையும், ஒவ்வொன்றின்கீழும் இரண்டிரண்டு வரிகள் நிற்பதையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய பழைய வீதிகளில் நடந்தவர்களுக்கு அங்கே மூலைக்கு மூலை தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய நீலப் பெயர்ப்பலகைகள் தெரிந்திருக்கும். நான் நிற்பது எந்த வீதி என்று அது சரியாகச் சொல்லிவிடும். இந்த வீதியில் நேரே போனால் எங்கே போய்ச் சேர்வேன் என்று அது சொல்லாது. அதைச் சொல்வது, கடலூர் சாலையில் அரியாங்குப்பம் தாண்டியதும் கண்ணில் படுகிற கைகாட்டிப் பலகை. 'கருதுகோள்' என்ற தலைப்பு பெயர்ப்பலகை. 'இக்கருதுகோள் மூன்றாம் பகுதியில் தரும் கல்வெட்டுச் சான்றைப் பொறுத்தே நிற்கும்' என்ற வாக்கியம் கைகாட்டி. முன்னது இருப்பதால் பின்னது வேண்டாம் என்றாகாது. (வறிய பாணனுக்கு 'இவ்வழியே போ, இன்ன ஊர் வரும், அங்கே இன்னது உண்ணக் கிடைக்கும்' என்று சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக்கி ஆற்றுப்படை எனப் பெயரிட்டவர்கள் நாம், சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினத்தைப் புதுச்சேரிக்கு வடக்கே உள்ள மரக்காணமாக அறிஞர் கருதுவர். வழி சொல்வது நமக்குப் புதிதன்று.)

இனி ஓர் எடுத்துக்காட்டு. பிறர் கட்டுரையை எடுத்துக் காட்டுவது முறையன்று என்பதால், எங்கள் ஊர்ச் செய்தியை வைத்து நானே ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். மெய்ப்பில் நான் நாள்தோறும் காணும் நடை இதுதான்:

'1690ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவுக்கு உட்பட்ட நிலமும் அவ்விற்பனையில் அடங்கியது. கடலூரை ஒட்டிக் குண்டு உப்பலவாடி என்னும் ஊர் உள்ளது. ஊர்ப்பெயர்கள் வரலாற்றுக்குச் சான்றாக விளங்குகின்றன.'

நான்கு வாக்கியங்களும் தனித்தனியே சரி. ஆயினும் மூன்றாவது வாக்கியம் என்ன வேலை செய்கிறது? பீரங்கிக் குண்டால்தான் அவ்வூருக்கு அப்பெயர் வந்தது என்று கட்டுரையாளர் கூறுகிறாரா? அல்லது அவ்வூர் கும்பினியின் எல்லைக்குள் இருந்தது என்பதற்கு அப்பெயரைச் சான்றாக்குகிறாரா? முன்னதாயின் ஆவணத்திலிருந்து பெயருக்குப் போகிறார்; பின்னதாயின் பெயரிலிருந்து நிலத்துக்குப் போகிறார். இரண்டும் எதிரெதிர்த் திசைகள். அதே பத்தியைக் கைகாட்டியோடு எழுதினால் இப்படி வரும்:

'இப்பகுதியில் முதலில் ஆவணம் சொல்வதைத் தருகிறேன். அதன்பின் ஊர்ப்பெயர் அதனோடு பொருந்துகிறதா என்று காண்போம். 1690ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவுக்கு உட்பட்ட நிலமும் விற்பனையில் அடங்கியது. இதுவரை ஆவணம். இனிப் பெயர்: கடலூரை ஒட்டியுள்ள குண்டு உப்பலவாடியின் முன்னொட்டை இந்நிகழ்ச்சியோடு இணைப்பது இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் பெயர் ஒன்றை மட்டும் கொண்டு கும்பினியின் எல்லையை வரைய இயலாது. ஏன் இயலாது என்பதை அடுத்த பகுதியில் கூறுகிறேன்.'

பத்தி நீண்டது உண்மை. ஆனால் நீளத்தைவிட முக்கியமான ஒன்று இங்கே நடந்தது. 'இதுவரை ஆவணம், இனிப் பெயர்' என்று எழுதப் போனபோதுதான், என்னிடம் ஆவணச் சான்று எவ்வளவு, ஊகம் எவ்வளவு என்பது எனக்கே தெரிந்தது. 'விளங்குகின்றன' என்று எழுதியபோது தெரியாத ஓட்டை, 'ஏன் இயலாது என்பதை அடுத்த பகுதியில் கூறுகிறேன்' என்று எழுதியவுடன் தெரிந்துவிட்டது. ஏனெனில் அடுத்த பகுதியில் நான் அதைக் கூறியாக வேண்டும். கைகாட்டி நடுபவருக்கு அந்தச் சாலை எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மாணவர்கள் இத்தொடர்களை எழுதத் தயங்குவதற்கு நடையைப் பற்றிய கூச்சம் மட்டும் காரணமில்லை என்று என் அனுபவத்தில் கருதுகிறேன். எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்ற உணர்வும் அதில் உண்டு. அப்படி மாட்டிக்கொள்ளும் இடத்தை நெறியாளரே அடித்து நீக்கிவிட்டால், புறத்தேர்வாளர் வரும்வரை ஓட்டை மறைந்தே இருக்கும்.

தமிழ் வாக்கியத்தின் அமைப்பாலும் நமக்கு இத்தொடர்கள் ஆங்கிலத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. பிறர் கருத்தைக் கூறும்போது கருத்து முழுவதும் முதலில் வந்து, 'என்று இன்னார் கருதுகிறார்' என்பது இறுதியில் வருகிறது. கருத்து ஆறு வரி நீண்டால், அந்த ஆறு வரியையும் கட்டுரையாளரின் சொந்தக் கருத்தாகவே படித்துக்கொண்டு போகிறோம். ஏழாம் வரியில் 'என்பர் ஒருசாரார். அது பொருந்தாது' என்று வரும்போது, படித்த அனைத்தையும் மனத்துக்குள் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆசிரியர் முன்னிலையில் பாடம் கேட்ட காலத்தில் இது இடையூறாக இருந்திராது. குரலின் ஏற்ற இறக்கமே 'இது மறுக்கப்போகும் கருத்து' என்று காட்டியிருக்கும். அச்சுத்தாளில் குரல் இல்லை. 'இது குறித்து என் கருத்துக்கு மாறான ஒன்று உண்டு. அது வருமாறு' என்று ஒரே ஒரு வாக்கியத்தை முன்னே வைத்துவிட்டால் இத்தொல்லை தீர்ந்துவிடும். பிறன்கோள் கூறல் என்ற உத்தியைக் கையாள்பவர், அது பிறன்கோள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மெய்ப்பில் நான் மிகுதியாக இடறும் இடம் இதுவே, எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்து, "இது நீங்க சொல்றதா, அவர் சொல்றதா?" என்று கேட்ட நாள்கள் உண்டு.

என் தொழிலைச் சார்ந்த ஒரு சிறு செய்தி. 'மேலே கூறிய', 'கீழே காணும்', 'பக்கம் 14 காண்க' என்றெல்லாம் எழுதும் பழக்கத்தைத் தயவுசெய்து விடச் சொல்லுங்கள். ஏ4 தாளில் தட்டச்சு செய்ததை டெம்மி என்னும் சிறிய நூலளவுக்குப் பக்கம் கட்டும்போது, பதினான்காம் பக்கம் இருபத்தொன்றாம் பக்கமாகிவிடும். 'கீழே உள்ள அட்டவணை' இடமில்லாமல் அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். போதாததற்கு, பழைய உரைகளில் 'மேல்', 'முன்னர்' என்னும் சொற்கள் முன் சொன்னதையும் குறிக்கும், இனிச் சொல்லப்போவதையும் குறிக்கும். அந்நடையில் ஊறிய மாணவர் சிலர் இன்றும் இரு பொருளிலும் எழுதிவிடுகிறார்கள். 'இரண்டாம் பகுதியில் கூறிய', 'அட்டவணை 3' என்று எழுதினால் எந்தத் தாளிலும் பிழைக்காது.

கைகாட்டி மிகுந்தாலும் கேடுதான். தெருவுக்கு நான்கு பலகை நட்டால் யாரும் எதையும் படிக்கமாட்டார்கள். ஒவ்வொரு பத்தியையும் 'அடுத்து … பற்றிக் காண்போம்' என்று தொடங்கி 'இவ்வாறு … பற்றிக் கண்டோம்' என்று முடிக்கும் ஆய்வேடுகளும் என்னிடம் வருகின்றன. நன்னூல் சொல்லும் நூற்குற்றம் பத்தில் கூறியது கூறலும் வெற்றெனத் தொடுத்தலும் (பயனற்ற சொற்களை அடுக்குவதும்) எவை என்று காட்ட அவை போதும். 'என்பது குறிப்பிடத்தக்கது', 'என்பதைக் காண முடிகிறது', 'நோக்கற்பாலது', 'ஐயத்திற்கு இடமின்றி விளங்கும்' ஆகியவையும் வழிகாட்டுவதுபோலத் தோன்றி ஒன்றையும் காட்டாதவை. குறிப்பிடத்தக்கது என்றால் எதற்காகக் குறிப்பிடத்தக்கது என்பதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டால் அத்தொடரே தேவைப்படாது. தங்கள் சிவப்பு மைக்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது. எதை அடிப்பது, எதை விடுவது என்பதற்கு நான் கைக்கொள்ளும் சோதனை எளியது: அந்த வாக்கியத்தை எடுத்தபின், அடுத்த பத்தி முந்தைய பத்திக்கு என்ன உறவு என்று படிப்பவரால் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அடியுங்கள். முடியாவிட்டால் விடுங்கள்.

அவசரம் ஒரு காரணம் என்பதை நான் அறிவேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளியிடுவதையும் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசிப்பதையும் கட்டாயமாக்கியிருந்தன. தொகுதிகள் தலையணை அளவுக்குப் பெருத்தன. கட்டுரைக்கு நான்கு பக்கம் என்ற கத்தரி விழுந்தது. அந்தக் கத்தரிக்கு முதலில் பலியானவை கைகாட்டித் தொடர்களே. 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டுவிட்டது. கத்தரி மட்டும் பழக்கத்தால் தங்கியிருக்கிறது.

ஆகவே தங்களிடம் நான் கேட்பவை இரண்டு. நெறியாளர்கள், மாணவரின் முன்னுரையைக் கடைசியில் ஒருமுறை மீண்டும் எழுதச் சொல்ல வேண்டும். முதல் இயல் எழுதும்போது போட்ட வழி, ஐந்தாம் இயல் முடியும்போது மாறியிருக்கும், பழைய கைகாட்டி பழைய ஊரையே காட்டிக்கொண்டு நிற்கும். பதிப்பாசிரியர்கள், கருத்தரங்க அறிவிப்பில் எழுத்துரு, எழுத்தளவு, பக்க எண்ணிக்கை பற்றிய வரிகளுக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும். அதன் வாசகத்தை நானே எழுதித் தருகிறேன். தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்: 'கட்டுரை எதை நிறுவ முற்படுகிறது, அதை எந்தப் படிகளால் நிறுவுகிறது என்பதைக் கட்டுரையாளர் முன்னுரையில் தம் சொற்களிலேயே கூற வேண்டும். இவ்வாறு வழிகாட்டும் வாக்கியங்கள் நான்கு பக்க எல்லைக்குள் கணக்கிடப்படா.'

மார்கழி, தை மாதங்களில் கருத்தரங்குகள் தொடங்கிவிடும் என்பதால் அறிவிப்புகள் விரைவில் அச்சுக்குப் போகும். போகுமுன் ஒரு படி எனக்கு அனுப்பினால், அந்த வரி சேர்ந்திருக்கும் அறிவிப்புகளுக்கு மெய்ப்புக் கூலி வாங்காமல் பார்த்துத் தருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்
மஞ்சக்குப்பம், கடலூர்